இரண்டு பம்ப் இருந்தால் போதுமா?

எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்குள் வரும் எண்ணெய்க் கப்பலைக் கரையில் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது மேல்தளக் குழாய்களும், வெள்ளையாக உயர்ந்து நிற்கும் மாலுமிகளின் குடியிருப்பும், புகைபோக்கியும்தான். கப்பலைத் திருப்புகிற வேலை நடப்பது பின்கோடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். கப்பலில் இருப்பவர்கள் அதை ஸ்டீயரிங் ஃப்ளாட் என்பார்கள். சுக்கானின் தடித்த தண்டு தரையைத் துளைத்துக்கொண்டு அங்கே மேலே வரும். அதன் தலையில் ஒரு கனத்த இரும்புக் கை. அந்தக் கையை இரண்டு பக்கமிருந்தும் தள்ளுவதற்குச் சிலிண்டர்களும் அவற்றுள் நகரும் ராம்களும். தள்ளும் சக்தி எண்ணெய் அழுத்தத்திலிருந்து வருகிறது. காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேலும் அது போகும்.

இந்த எந்திரம் எவ்வளவு வேகமாகத் திருப்ப வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸ் சொல்லும் கணக்கு இது: கப்பல் முழு வேகத்தில் போகும்போது, ஒரு பக்கம் 35 பாகை சாய்ந்திருக்கும் சுக்கான் மறுபக்கம் 30 பாகைக்கு 28 வினாடிக்குள் வந்தாக வேண்டும். முதன்மை எந்திரம் போய்விட்டால் துணை எந்திரம், குறைந்த வேகத்தில், ஒரு பக்கம் 15 பாகையிலிருந்து மறுபக்கம் 15 பாகைக்கு 60 வினாடிக்குள் கொண்டுவர வேண்டும். பெரிய கப்பல்களில் ஒரே அளவுள்ள இரண்டு பம்புகளை வைத்து, அவற்றுள் எதுவும் மற்றதற்குத் துணை என்று கொள்வதுதான் வழக்கம்.

இரண்டு பம்ப் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று. கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும் இந்தக் கணக்கு 1978 மார்ச் 16 அன்று பிரான்சின் பிரிட்டனி கரையோரத்தில் உடைந்தது. அமோகோ காடிஸ் லைபீரியக் கொடி பறக்கவிட்ட பெரும் டேங்கர். கச்சா எண்ணெய் மட்டும் 2,20,000 டன்னுக்கு மேல். காலை பத்து மணிக்குச் சற்று முன் சுக்கான் ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. ஸ்டீயரிங் ஃப்ளாட்டில் ஒரு குழாயின் இணைப்பு விளிம்பான ஃபிளாஞ்சைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அறுந்து, ஹைட்ராலிக் எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்தது. பம்புகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டும் எண்ணெயை அனுப்பியது ஒரே இணைப்பு வழியாக. அந்த இணைப்பு போனபோது இரண்டு பம்பும் எண்ணெயை அறைத் தரையில்தான் கொட்ட முடிந்தது. அலையின் அடியில் சுக்கான் தாறுமாறாக ஆடி, பழுது பார்க்கப் போனவர்களை அண்டவிடவில்லை. இழுவைக் கப்பல் வந்து கயிறு போட்டும் பயனில்லை. இரவு ஒன்பது மணியளவில் போர்ட்சால் பாறைகளில் தட்டி, சுமந்துவந்த எண்ணெய் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தது. 1984இல் சிகாகோ நீதிமன்றம் அமோகோ நிறுவனத்தைப் பொறுப்பாக்கியபோது, ஸ்டீயரிங் எந்திரத்தின் பராமரிப்புக் குறையும் தீர்ப்பில் இடம்பெற்றது.

அந்த ஒரு ஃபிளாஞ்சிலிருந்து பிறந்ததுதான் இன்றைய சட்டம். 1981இல் சோலாஸ் திருத்தப்பட்டது. 10,000 மொத்த டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள டேங்கர்களிலும் எரிவாயுக் கப்பல்களிலும் எந்தவொரு தனிப் பழுதால் ஒரு பகுதி செயலிழந்தாலும் 45 வினாடிக்குள் ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்க வேண்டும். எத்தனை பம்ப் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எல்லாம் எங்கே வந்து கூடுகின்றன என்று கேட்ட முதல் சட்டங்களில் இது ஒன்று என்றே எனக்குப் படுகிறது. நம் ஊரில் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இன்றும் எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்கிறோம்: இரண்டு ஜெனரேட்டர், மூன்று பம்ப், நான்கு வால்வு.

45 வினாடி எண்ணூரில் எவ்வளவு தூரம்? எட்டு நாட் வேகத்தில் வரும் கப்பல் அதற்குள் சுமார் 185 மீட்டர் நகர்ந்துவிடும். காமராசர் துறைமுகத்துக்கு வரும் பெரிய எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கப்பலின் நீளத்தைவிட இது குறைவு. பைலட் ஏறிய பிறகு, இரு பக்கமும் அலைத்தடுப்புச் சுவர் நெருங்கும் வாய்க்காலில், சொந்த நீளத்துக்குள் கப்பல் தன் கைகால்களைத் திரும்பப் பெற்றாக வேண்டும். யோசித்து முடிவெடுக்க மனிதனுக்கு அங்கே நேரம் கிடையாது. எந்திரமே கண்டுபிடித்து, எந்திரமே மாற்ற வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி. நான்கு சிலிண்டர் உள்ள ஸ்டீயரிங் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்துதான் சுக்கானைத் திருப்புகின்றன. எங்கோ ஒரு குழாய் கசிகிறது. எந்தக் குழாய் என்று எந்திரத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்குகிறது என்பது மட்டுமே. மிதவை கீழே போனதும் எச்சரிக்கை மணி அடிக்கும். உடனே ஐசொலேட்டிங் வால்வு இயங்கி இரண்டு சிலிண்டர்களைத் தனியாகப் பிரித்துவிடும். இது ஒரு கணிப்பு: கசிவு அந்தப் பாதியில் இருக்கலாம். மட்டம் அப்படியே நின்றால் கணிப்பு சரி, மீதி இரண்டு சிலிண்டரோடு பயணம் தொடரும். மட்டம் இன்னும் இறங்கினால் கணிப்பு தவறு. அடுத்த மிதவை விழுந்ததும் ஓடிக்கொண்டிருந்த பம்ப் நிற்கும், மற்ற பம்ப் கிளம்பும், முன்பு ஒதுக்கிவைத்த பாதி வேலைக்கு வரும், கசிகிற பாதி ஒதுங்கும். கணினி இல்லை, நிரல் இல்லை. இரண்டு மிதவையும் சில வால்வுகளும் சேர்ந்து ஒரு கருதுகோளை முன்வைத்து, சோதித்து, பொய்யானால் மாற்றிக்கொள்கின்றன.

சிலிண்டர்களில் பாதி போனால் திருப்பும் விசையும் பாதியாகும். சுக்கானின் மேல் நீர் தரும் சுமை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், வேகத்தைப் பத்தில் மூன்று பங்கு குறைத்தாலே சுமையும் ஏறக்குறைய பாதியாகிவிடும். பழுதைத் தாங்குவது என்றால் முன்போலவே ஓடுவது அல்ல. எவ்வளவு குறைத்துக்கொண்டால் கட்டுப்பாடு கையில் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது.

மிதவைக்குப் பிடிபடாத கசிவும் உண்டு. சிலிண்டருக்குள்ளேயே சீல் தேய்ந்து, அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு எண்ணெய் வழிந்தால் தொட்டியில் ஒரு துளியும் குறையாது. வெளியே ஈரம்கூடத் தெரியாது. இன்னும் மோசமான செய்தி என்னவென்றால், நல்ல கட்டுப்பாட்டு அமைப்பு இதை மறைத்துவிடும். சுக்கான் 10 பாகைக்கு வரவேண்டும், ஒன்பதரையில் நிற்கிறது என்றால் பின்னூட்டம் உடனே பம்பை இன்னும் கொஞ்சம் தள்ளச் சொல்லும். சுக்கான் பத்துக்கு வந்துவிடும். கப்பலை நடத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் நிற்பவர் முள் சரியான இடத்தில் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவார். உள்ளே பம்ப் மட்டும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கும். மறைக்க இடமில்லாமல் போகும் நாள் பெரும்பாலும் கடும் அலையும் முழுச் சுமையும் உள்ள நாளாகவே இருக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் பம்பின் மிச்சத் திறன் முழுவதும் தேவைப்படுகிறது.

இந்த மறைவைக் கலைக்கத்தான் 1970களிலிருந்து கட்டுப்பாட்டுப் பொறியியல் தனி வழி ஒன்றை வளர்த்தது. 1971இல் எம்.ஐ.டி.யில் பியர்டு என்பவர் அளித்த ஆய்வேடு அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. எந்திரத்தின் கணித மாதிரி ஒன்றை நிஜ எந்திரத்தோடு சேர்த்தே ஓடவிட வேண்டும்; ஒரே கட்டளை இரண்டுக்கும் போகும். இவ்வளவு எண்ணெய் அனுப்பினால் இவ்வளவு நகர வேண்டும் என்று மாதிரி சொல்லும். நிஜம் வேறு சொன்னால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பேசத் தொடங்கும். சுக்கானின் இடம் சரியாக இருந்தாலும் அந்த இடத்துக்கு வர ஆன எண்ணெயும் அழுத்தமும் நேரமும் பொய் சொல்லாது. இரண்டாவது சென்சார் வாங்குவதற்குப் பதிலாக இயற்பியல் விதியையே இரண்டாவது சாட்சியாக அழைப்பது இது. டென்மார்க்கின் மோகன்ஸ் பிளாங்கே போன்றவர்கள் இதைக் கப்பல்களுக்கே கொண்டுவந்தார்கள். அவரும் மற்ற மூவரும் எழுதி 2003இல் வந்த நூல் இன்றும் இத்துறையின் பாடநூல்.

மாதிரி எவ்வளவு நல்லது என்பதில்தான் சிக்கல். ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இருப்பதில்லை. காலையில் குளிர்ந்து கெட்டியாக இருப்பது பிற்பகலில் தண்ணீராக ஓடும். காற்றுக் குமிழ் ஒரு விழுக்காடு கலந்தாலே குறைந்த அழுத்தத்தில் அதன் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். தள்ளினால் உடனே தள்ளாமல் பஞ்சுபோல் அமுங்கும். இந்த மாற்றங்களைப் பழுது என்று எண்ணி மணி அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டாவது வாரத்தில் யாராவது மணியின் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள். பொறுத்துப் போகும் எல்லையைத் தளர்த்தினால் மெல்லக் கசியும் சீல் அந்த எல்லைக்குள் ஒளிந்துகொள்ளும். இந்த எல்லையை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரைகளின் பெரும்பகுதி. அதற்கு முடிந்த முடிவாக விடை கிடையாது; ஒவ்வொரு எந்திரத்துக்கும் அதன் எண்ணெய்க்கும் அதன் ஊருக்கும் ஏற்றபடி வைக்க வேண்டும்.

ஊரையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணூரில் காற்றிலேயே நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் உப்பும் கலந்திருக்கின்றன. கன்டெய்னர் தூக்கும் வண்டியோ நிலக்கரி அள்ளும் கிரேனோ, எண்ணெய்த் தொட்டி மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் உள்ளே இழுக்கிறது. சர்வோ வால்வுக்குள் நகரும் ஸ்பூலுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. எண்ணெயின் தூய்மைக்கான பன்னாட்டு அளவுகோல் ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்று எண்ணுவது இதற்காகத்தான். ஹைட்ராலிக் பழுதுகளின் மிகப் பெரிய பங்கு அழுக்கிலிருந்து வருகிறது. ஒரே தொட்டி எண்ணெயைக் குடிக்கும் இரண்டு வால்வுகளில் ஒன்று அழுக்கால் இறுகினால், மற்றதும் அதே அழுக்கைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

எண்ணூரின் இந்தக் கடலோரப் பட்டையில் வேறு வகை எந்திரங்களும் இருக்கின்றன. அவற்றின் தர்க்கம் நேர் எதிர். வட சென்னை அனல்மின் நிலையத்தில் டர்பைனுக்குப் போகும் நீராவியை நிறுத்தும் வால்வை எண்ணெய் அழுத்தம் திறந்து பிடித்திருக்கிறது. மூடுவதற்குத் தயாராக ஒரு கனத்த சுருள்வில் காத்திருக்கிறது. குழாய் வெடித்தாலும் பம்ப் நின்றாலும் எண்ணெய் போனால் வில் மூடிவிடும். மின்சாரம் தடைபடும், ஆனால் டர்பைன் கட்டுமீறி ஓடிச் சிதறாது. அளவுக்கு மீறிய வேகத்தைக் கண்டுபிடிக்க மூன்று சென்சார் வைத்து அவற்றில் இரண்டு ஒத்துக்கொண்டால் மட்டும் நிறுத்துவது வழக்கம்: ஒன்று பொய் சொன்னாலும் வீணாக நிற்காது, ஒன்று ஊமையானாலும் ஓடிக்கொண்டே இருக்காது. பழுதானால் நின்றுவிடு, அதுவே பாதுகாப்பு என்பது இங்கே கொள்கை.

கப்பலுக்கு அப்படி ஒரு பாதுகாப்பான நிலை இல்லை. சுக்கானை நடுவில் நிறுத்திவைத்தாலும் கப்பல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகாயத்தில் பறக்கும் விமானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நிற்பதே காப்பு என்ற எந்திரத்துக்குப் பயிற்சி பெற்றவர், நிற்கவே கூடாது என்ற எந்திரத்தின் பக்கத்தில் வேலை பார்க்கும் இடம் எண்ணூர்.

இந்த இரண்டும் கைகோக்கும் இடமும் இங்கேயே இருக்கிறது. 2019இல் தொடங்கிய இந்தியன் ஆயில் எல்.என்.ஜி. முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. கப்பலையும் கரையையும் இணைக்கும் மூட்டுள்ள குழாய்க் கைகள் வழியாக மைனஸ் 162 பாகை செல்சியஸ் குளிரில் திரவம் இறங்குகிறது. காற்றோ அலையோ கப்பலை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளினால் குழாய்க்கை தானே கழன்றுகொள்ள வேண்டும். கழல்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இணைப்பின் இரு பக்கமும் உள்ள வால்வுகள் மூடவேண்டும், அப்புறம்தான் நடுவில் உள்ள கிளாம்ப் திறக்கவேண்டும். வரிசை தலைகீழானால் கடல் மேல் எல்.என்.ஜி. ஊற்றும். அதனால் மின்சாரத்தை நம்பாமல், வால்வு மூடியதை இயந்திரப் பூட்டே உறுதி செய்த பிறகுதான் கிளாம்புக்கு எண்ணெய் போகும்படி அமைப்பார்கள். மின்சாரம் முழுவதும் போனாலும் வேலை நடக்க, நைட்ரஜன் அடைத்த அக்குமுலேட்டர்களில் அழுத்தம் சேமித்து வைத்திருக்கும். மூடும் வேகத்திலும் கவனம் வேண்டும். குழாயில் ஓடிவரும் திரவத்தூணைச் சட்டென்று நிறுத்தினால் அதன் உந்தம் அழுத்த அலையாகித் திரும்பி வந்து குழாயையே உடைக்கும். எரிவாயுக் கப்பல்களுக்கான பன்னாட்டு விதி, அவசர வால்வுகள் 30 வினாடிக்குள், ஆனால் சீராக மூடவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஃபிளாஞ்ச் ஒன்று இரண்டு பம்புகளை வீழ்த்திய கதை இன்னும் பெரிதாக நடந்தது ஒரு விமானத்தில். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு சிதறியது. அந்த விமானத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. மூன்றின் குழாய்களும் வாலில் அருகருகே போயின. சிதறிய துண்டுகள் மூன்றையும் வெட்டின. விமானிகள் மீதி இரண்டு எஞ்சின்களின் விசையை ஏற்றி இறக்கியே சியூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கட்டுப்பாட்டு ஆய்வாளர்களை அது ஆழமாகத் தொட்டது. 1995 ஆகஸ்டில் நாசா ஓர் எம்.டி.-11 விமானத்தைக் கட்டுப்பாட்டுப் பலகைகள் எதையும் அசைக்காமல், கணினி நடத்தும் எஞ்சின் விசையால் மட்டும் தரையிறக்கிக் காட்டியது. செத்துப்போன உறுப்பின் வேலையை உயிரோடு இருக்கும் வேறு உறுப்புக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இப்போது இத்துறையின் தனிப் பிரிவு.

கப்பலில் அப்படிப் பங்கிட எதுவும் மிச்சமில்லாமல் போனதற்குச் சமீபத்திய சாட்சி டாலி. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் பாலத்தூணில் மோதிய அந்தக் கன்டெய்னர் கப்பலில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் இந்தியர், ஒருவர் இலங்கையர். சுவிட்ச்போர்டில் ஒரு கம்பி சரியாகச் செருகப்படாமல் தளர்ந்திருந்தது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கண்டறிந்தது. கம்பியின் மேல் இருந்த அடையாள உறைதான் அதை முழுதாக உள்ளே போகவிடவில்லை. மின்சாரம் போனது. அவசர ஜெனரேட்டர் ஸ்டீயரிங்குக்கு உயிர் கொடுக்க இருந்தது. ஆனால் குளிர்விக்கும் பம்புகள் நின்றதால் முதன்மை எஞ்சினும் நின்றது, புரொப்பல்லரும் நின்றது. புரொப்பல்லர் தள்ளும் நீர் படாத சுக்கான் எவ்வளவு திரும்பினாலும் 300 மீட்டர் நீளக் கப்பலை அசைக்கப் போதாது. முதல் மணி அடித்ததிலிருந்து பாலத்தூணில் மோதியது வரை நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். பாலத்தில் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். ஹைட்ராலிக் எந்திரத்தை மட்டும் பார்த்தால் அது பெரும்பாலும் விதிப்படிதான் இருந்தது. அமைப்பின் எல்லையை எங்கே போட்டுப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

அந்த எல்லையை எண்ணூரில் நான் கப்பலோடு நிறுத்த மாட்டேன். 2017 ஜனவரி 28 விடியலுக்கு முன் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. அதைச் சுக்கான் பழுது என்று யாரும் சொல்லவில்லை. பேச்சு முழுவதும் இரண்டும் கடந்து சென்ற விதத்தைப் பற்றியே. ஆனால் எண்ணெய் கரைக்கு வந்த பிறகு காரணம் எதுவானாலும் ஒன்றுதான். முதலில் சில டன் என்றார்கள், பிறகு கணக்கு நூறு டன்னைத் தாண்டியது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் வாளியால் அள்ளினார்கள். அமோகோ காடிஸ் கொட்டியது இதைப்போல் பல நூறு மடங்கு.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் நடந்தது இன்னும் நெருக்கமான பாடம். கோரமண்டல் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் இடம் பெயர்ந்த பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அரசு அமைத்த குழு கருதியது. கசிவைத் தானே உணர்ந்து ஓட்டத்தை நிறுத்தும் அமைப்போடு புதிய குழாய் வேண்டும் என்பதும் பரிந்துரைகளில் ஒன்று. அன்றிரவு முதலில் கசிவை உணர்ந்த சென்சார் குப்பத்து மக்களின் மூக்கு. அதற்கு முன் பேசியிருக்க வேண்டிய கருவிகள் இருந்தனவா, இருந்தால் யாருக்குப் பேசின என்ற கேள்வி, மிதவை மட்டம் இறங்கியதும் மணி எங்கே அடிக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சமமானது. கப்பலில் அதற்குப் பிரிட்ஜ், என்ஜின் ரூம் என்று இடம் குறித்து விதி எழுதியிருக்கிறார்கள். பெரியகுப்பம் அந்த மணியின் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

கப்பல் பக்கத்தில் சோதிக்கும் உரிமை நமக்கு ஏற்கெனவே உண்டு. சென்னையின் வணிகக் கடல்துறை அலுவலக ஆய்வாளர்கள் வெளிநாட்டுக் கொடிக் கப்பலிலும் ஏறிப் பார்க்கலாம். கப்பல் கிளம்புவதற்கு 12 மணி நேரத்துக்குள் ஸ்டீயரிங்கைச் சோதித்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவசர ஸ்டீயரிங் ஒத்திகை நடத்தியிருக்க வேண்டும். இரண்டும் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஸ்டீயரிங் ஃப்ளாட்டுக்கே இறங்கிப் போகும் ஆய்வாளர் அங்கே பணியில் உள்ளவரிடம் ஒன்று கேட்கலாம்: பிரிட்ஜிலிருந்து கட்டளை வரவில்லை, ஒரு பக்கம் கசிகிறது, இப்போது கையால் மாற்றிக் காட்டுங்கள். மாற்றும் முறையை விளக்கும் படம் அந்தச் சுவரிலேயே மாட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தப் படத்தில் எழுதியிருக்கும் வால்வு எண்ணும், பெயின்ட்டு மேல் பெயின்ட்டு பூசிய வால்வின் கழுத்தில் தொங்கும் தகட்டு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று அவர் முதலில் பார்ப்பது நல்லது.